மெயில் கேள்வி-பதில்: வெறும் எழுத்தா, அலங்காரமா?

கீழமாசி வீதியில் சுங்குடிச் சேலை வியாபாரம். வாடிக்கையாளர்களுக்குப் புதுவரவு பற்றி மெயில் அனுப்ப வெறும் எழுத்தாகப் போகும் பிளெயின் டெக்ஸ்டா, படமும் கலரும் போடக்கூடிய எச்டிஎம்எல்லா?

சேலையைக் கண்ணில் காட்டாமல் விற்க முடியுமா? எச்டிஎம்எல்தான். ஆனால் அதே மெயிலுக்குள் பிளெயின் டெக்ஸ்ட் வடிவமும் போகட்டும். வாங்குபவரின் மெயில் ஆப் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். 1992-லேயே மைம் (MIME) என்ற மெயில் தரத்தில் வந்துவிட்ட வசதி இது. எழுத்தும் நிரல்களும் சேர்ந்து சுமார் 100 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட் என்பதால் நமக்கு இடம் சீக்கிரம் தீரும். முழு மெயிலையும் ஒரே படமாக்கி அனுப்பாதீர்கள். ஆபீஸ் அவுட்லுக்கில் படம் தானாகத் திறக்காது, காலிக் கட்டம்தான் தெரியும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயில் எப்படி இருக்கணும் சார்?

பிளெயின் டெக்ஸ்ட். கலர் எழுத்துக்கு யாரும் வேலை தருவதில்லை.

எங்கள் சங்கப் பொதுக்குழு அறிவிப்பைத் தமிழில் அனுப்பினேன். சிலருக்கு மட்டும் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாக வந்திருக்கிறதாம். என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் தெரிகிறது.

எந்த ஃபான்ட் என்று எழுதவில்லை. எழுதாமலே தெரிகிறது, பாமினி. இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்வது? பாமினியில் நீங்கள் அடிப்பது தமிழே அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். 'இதைப் பாமினியில் காட்டு' என்று எச்டிஎம்எல் சொல்வதால் தமிழ் வேஷம் கட்டி நிற்கிறது. அந்த ஃபான்ட் இல்லாத போனிலோ, பிளெயின் டெக்ஸ்டாகப் படிப்பவரிடமோ போனதும் வேஷம் கலைந்துவிடும். அந்த மெயிலைப் பிறகு தமிழில் தேடினாலும் கிடைக்காது. என் பெரியப்பா மகன் வீட்டுக் காதுகுத்து அழைப்பு இந்த லட்சணத்தில்தான் வந்தது. இடம் அழகர்கோவில் என்பதையே போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிடா விருந்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என் அதிர்ஷ்டம்.

தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் டிடிபி கடைக்காரர் கொடுத்த ஃபைலை அப்படியே மெயிலில் ஒட்டுகிறோம். யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றுங்கள். புதிதாக அடிப்பவர்கள் தமிழ்99 கீபோர்டு பழகுங்கள், பத்து நாள் வேலை. சந்தேகம் இருந்தால் நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கேயும் தமிழாக நின்றால்தான் அது தமிழ். மெயிலை எல்லாருக்கும் தட்டுவதற்கு முன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனில் திறந்து பாருங்கள்.

பிளெயின் டெக்ஸ்ட் மெயிலில் வைரஸ் வராதுதானே?

அட்டாச்மென்டில் வருவது எதிலும் வரும். எச்டிஎம்எல்லில் கூடுதல் வில்லங்கம் ஒன்று உண்டு: மேலே பேங்க் பெயர் தெரியும், தட்டினால் வேறெங்கோ இழுத்துப் போகும். பிளெயின் டெக்ஸ்டில் லிங்க் முழுசாகத் தெரிவதால் போகிற இடம் கண்ணுக்குப் படும். நீங்கள் மெயிலைத் திறந்ததை வேவு பார்க்கும் பொடிப் படங்களும் பிளெயின் டெக்ஸ்டில் கிடையாது.

ஜிமெயிலில் பிளெயின் டெக்ஸ்ட் எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டரில் மெயில் எழுதும் கட்டத்தின் அடியில் மூன்று புள்ளி. உள்ளே 'பிளெயின் டெக்ஸ்ட் மோட்'. ஏற்கெனவே போட்ட போல்டு, கலர் எல்லாம் போய்விடும், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம். தினமும் விலைப்பட்டியலை ஸ்பேஸ் தட்டி வரிசையாக அடுக்கி அனுப்புகிறேன். போனில் எல்லாம் கோணல்மாணலாகத் தெரிகிறது.

தமிழில் ஸ்பேஸ் தட்டி வரிசை கட்ட முடியாது. 'ணை' எடுக்கும் அகலமும் 'ர' எடுக்கும் அகலமும் ஒன்றா? வரிக்கு ஒரு பூ, பக்கத்திலேயே ஒரு கோடு, விலை. மல்லி ஒரு வரி, பிச்சி ஒரு வரி. கட்டம் இருந்தே ஆகவேண்டுமென்றால் எச்டிஎம்எல் டேபிள். அனுப்புமுன் உங்களுக்கே ஒன்று, மறக்க வேண்டாம்.

மெயில் போகமாட்டேங்குது. என்ன செய்ய?

கடிதமே இவ்வளவுதான். யாருக்கு அனுப்பினீர்கள், எதிலிருந்து, திரும்பி வந்த மெயிலில் என்ன எழுதியிருந்தது, ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததை அப்படியே எனக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். எழுத்தாக. ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.