144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் கேம் நிஜமாகவே மென்மையாக ஓடுமா?

ஓடும், ஆனால் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு அத்தனை பிரேம்களை, அதாவது படங்களை, தந்தால்தான். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் சுமார் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 144-ல் அது 6.9 ஆகக் குறையும். கார்டு 50 பிரேமிலேயே மூச்சு வாங்கினால், திரை அதே படத்தைத் திரும்பக் காட்டும், அவ்வளவுதான்.

என் புது மானிட்டரில் முதலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காசு போச்சே என்று புலம்பினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன்: அங்கே 60 என்றே இருந்தது! மாற்றிவிட்டு மவுஸ் அம்பை வேகமாக வட்டம் சுற்றினேன். விட்டுவிட்டுத் தெரிந்த அம்புகள் நெருக்கமாகிவிட்டன. கேமைத் திறக்கும் முன்பே விஷயம் புரிந்தது.

துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம் ஆடுபவர்களுக்கு இது வரம். நிதானமாக ஆடும் கதை கேம் என்றால், நிறம் நன்றாகக் காட்டும் திரைக்கே என் ஓட்டு.

சரி, 240 ஹெர்ட்ஸ்? 60-லிருந்து 144-க்குத் தாவும்போது ஒரு படத்துக்கு ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் 3-கூடத் தேறாது. போட்டிக்கு ஆடுபவர்கள் வேண்டுமானால் வாங்கட்டும். நான் அந்தக் காசைக் கார்டில் போடுவேன்.