மேசைக் கணினிக்கு ஏறக்குறைய ஒரே விலையில் மூன்று லிக்விட் கூலர்கள் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான்: ரைசன் 7 7700 பிராசசர், வீடியோ எடிட்டிங் வேலை, 360 மில்லிமீற்றர் அளவில் ஆர்க்டிக், கோர்செயர், டீப்கூல் என்று மூன்று கூலர்கள், விலையில் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம், ஊர் திருகோணமலை. அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். புதியவர்களுக்கு: லிக்விட் கூலரில் பிராசசரின் மேல் உட்காரும் மண்டை (உள்ளே செப்புத் தட்டும் பம்பும்) ஒரு பக்கம், அங்கே சூடான நீர் குழாய் வழியே வந்து ஆறும் ரேடியேற்றரும் விசிறிகளும் மறுபக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணினி படித்தவன் இல்லை. கல்யாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைப்பவன். எந்தக் கூலர் நிறுவனமும் எனக்குக் காசு தரவில்லை. "இவனுக்கு என்ன தெரியும்" என்று எழுத வருபவர்கள், கச்சான் அடிக்கும் மாதத்தில் திருகோணமலை உவர்மலையில் ஏசி இல்லாத அறையொன்றில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு கல்யாணத்தை ரெண்டர் செய்து, அதாவது வெட்டி ஒட்டியதைக் கணினியைக் கொண்டு ஒரே வீடியோவாக்கி, பார்த்துவிட்டு வரட்டும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: எங்களுக்குக் கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் கடலையும் உண்டு, காற்றும் உண்டு. நான் சொல்வது காற்றை. வருட நடுவில் தென்மேற்கிலிருந்து வந்து, மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் எங்கள் பக்கம் இறங்கும். பின்னேரம் நான்கு மணிக்கு என் அறையில் 35 பாகை சாதாரணம். நீங்கள் யூடியூபில் பார்க்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் 21, 22 பாகை அறையில் நடப்பவை. கூலர் எதுவானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போக அதனால் முடியாது; அறையின் சூட்டுக்கு மேல் எத்தனை பாகையில் பிராசசரைப் பிடித்து வைக்கிறது என்பதுதான் அதன் திறமை. அங்கே 22 பாகை அறையில் 70 காட்டினால் வித்தியாசம் 48. உங்கள் வீட்டு 35 உடன் 48-ஐக் கூட்டினால் 83. அந்தக் காணொளிகளில் மூன்று கூலர்களுக்கும் இடையில் சண்டை நடப்பது இரண்டு, மூன்று பாகைக்கு. நம் ஊரில் ஜன்னலை எந்தப் பக்கம் திறக்கிறோம் என்பதிலேயே அது வந்து போய்விடும்.

"ஏசி போடுங்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறிய நாடு இது. கணினிக்கு ஏசி போடும் வசதி இருந்தால் நான் ஏன் அடுத்தவர் கல்யாணத்தை எடிட் செய்துகொண்டிருக்கிறேன்?

என் கதைக்கு வருகிறேன். 2021-இல் ரைசன் 9 5900எக்ஸ் வாங்கினேன். உங்கள் 7700-ஐப் போன்ற சாது இல்லை அது. பெட்டியில் 105 வாட் என்று எழுதியிருந்தாலும் வேலை கொடுத்தால் 142 வாட் வரை இழுக்கும். அதற்காகக் கொழும்புப் பம்பலப்பிட்டிக் கடையொன்றில் 360 மில்லிமீற்றர் கூலர் ஒன்றைத் தெரிவு செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. உங்கள் மூன்றில் ஒன்றும் இல்லை. ஏன் அதை எடுத்தேன் என்றால், மண்டையில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டமும் அதற்குள் நிற விளக்கும் இருந்தன. வேறு காரணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. பக்கத்தில் அதே விலையில் விளக்கில்லாத கறுப்புக் கூலர் ஒன்று கிடந்தது. அதைக் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை. இரவு ரயிலில் திருகோணமலை வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

பூட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, கணினிப் பெட்டியின் மேல்தட்டில் ரேடியேற்றரை வைத்தால் ராம் அட்டைகள் இடிக்கின்றன. முன்பக்கத்தில் வைக்க ஹார்ட் டிஸ்க் கூடு விடவில்லை. அடித்தட்டில் அழகாகப் பொருந்தியது. விளக்குவட்டமும் நேராக நின்றது. படமெடுத்து முகநூலில் போட்டேன். நூற்றுக்கு மேல் விருப்பக்குறி.

இரண்டாம் மாதமே ஒரு சத்தம் தொடங்கியது. குடத்தைச் சரித்து ஊற்றும்போது வருமே, அந்தக் களக் களக். அம்மா கதவடியில் நின்று, "மீன்தொட்டி வாங்கினாயா தம்பி?" என்று கேட்டார். சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அம்மா சொன்ன அன்றே பெட்டியைத் திறந்திருந்தால் இந்தப் பதிலுக்கு வேலையே இருந்திருக்காது.

2023 ஜூலை. கனடாவிலிருந்து வந்த குடும்பத்தின் கல்யாணம். மறுநாள் இரவு வரவேற்பில் பெரிய திரையில் இருபது நிமிடம் ஓட வேண்டும். இரவு பதினொன்றரைக்கு ரெண்டர் கொடுத்தேன். 40 நிமிடம் என்று காட்டியது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஏழு மணித்தியாலம் என்கிறது. பிராசசர் 90 பாகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 5900எக்ஸின் எல்லை அதுதான். அதற்கு மேல் போகவிடாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசசருக்கும் மண்டைக்கும் இடையில் பூசும் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றித் துடைத்துப் புதிதாகப் பூசினேன். மாற்றமில்லை. மறுபடி பூசினேன். பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்தேன். பம்ப் நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றுகிறது என்று மென்பொருள் சத்தியம் செய்தது. கடைசியில் எதேச்சையாக ரேடியேற்றரில் கை பட்டது. குளிர்ந்து கிடந்தது. மண்டையைத் தொட்டால் சுடுகிறது. ஒரு சாணுக்கு அப்பால் ரேடியேற்றர் கோயில் மண்டபத் தூண் மாதிரி இருக்கிறது. பம்ப் சுற்றியதென்னவோ உண்மை. நீர்தான் ஓடவில்லை.

காரணம் என்னுடையது. ஒளிக்க வேண்டியதில்லை. இந்தக் கூலர்களுக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். வருடம் போகப் போகக் குழாய்ச் சுவர் வழியே நீர் ஆவியாகக் கசிந்து காற்று கூடும். காற்று மேலேதான் ஏறும். ரேடியேற்றரை அடித்தட்டில் வைத்ததால் என் பெட்டியில் மிக உயரமான இடம் பம்ப். காற்று முழுவதும் போய் அங்கே உட்கார்ந்தது. அம்மா கேட்ட மீன்தொட்டிச் சத்தம் அதுதான். பின்னால் ஒருநாள் அதை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருக்க வேண்டிய நீரில் நல்ல பங்கு இல்லை. செப்புத் தட்டின் மயிரிழைச் சந்துகளில் சாம்பல் நிறத்தில் களிமண் போல ஏதோ அடைந்து கிடந்தது. தட்டு செம்பு, ரேடியேற்றர் அலுமினியம். இரண்டும் ஒரே நீரில் கிடந்தால் அரிக்கும், அதைத் தடுக்கத்தான் அந்த நீரில் மருந்து கலக்கிறார்கள். என்னுடையதில் மருந்து தோற்றதா, நான் வைத்த விதம் கெடுத்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "தவறு உன்னுடையது" என்று எழுத வருபவர்களே, நான்தான் முதலில் எழுதிவிட்டேன்.

அன்றிரவு என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள், உங்களுக்கு உதவும். ஒரு மணிக்கு நண்பனை எழுப்பி, அவனுடைய பழைய ரைசன் 5 3600 உடன் பெட்டியிலேயே வந்த சின்னக் கூலரை வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவு அலுமினியம், ஒரு விசிறி. அதைப் பூட்டி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) பிராசசரை மின்சாரம் குறைவாக இழுக்கும் எக்கோ நிலைக்கு மாற்றினேன்; 142 வாட் இழுத்தது 88-க்கு இறங்கியது. விசிறி சன்னதம் வந்த மாதிரி அலறியது. இரண்டே காலுக்குத் தொடங்கிய ரெண்டர் மூன்றே காலுக்கு முடிந்துவிட்டது. முழு வேகத்தில் 40 நிமிட வேலை ஒரு மணித்தியாலம் ஆனது, அவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டும் அந்தக் குடும்பம் என்ன சொன்னது தெரியுமா? "இரண்டாவது பாட்டு எங்களுக்குப் பிடிக்கவில்லை." பாட்டைத் தெரிவு செய்தவர்கள் அவர்கள். முழு வீடியோவை நான்கு நாள் பிந்திக் கொடுத்ததற்காகக் கூலியில் பதினையாயிரம் வெட்டினார்கள். மிச்சப் பாதியைத் தர அவர்கள் எடுத்துக்கொண்ட ஏழு மாதத்துக்கு யார் யாரிடம் வெட்டுவது? ட்ரோன் வேண்டும், அல்பம் வேண்டும், அழைப்பிதழுக்கு முன்பே ஒரு முன்னோட்டம் வேண்டும், ஆனால் வீடியோக்காரன் சாப்பிட்டானா என்று பந்தியில் கேட்க ஒருவரும் இல்லை. சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை. விடுகிறேன்.

வாரண்டிக்கு வருகிறேன், உங்கள் தெரிவு இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் ஐந்து வருடம் என்று அச்சடித்திருந்தது. கடைக்காரர் தந்த பற்றுச்சீட்டில், பின்பக்கத்தில், இரண்டு வருடம். கெட்டது இருபத்தொரு மாதத்தில் என்பதால் இரண்டு கணக்கிலும் நான் உள்ளேதான். பொதி கட்டிப் பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, ஒரு துண்டுக் காகிதத்தோடு: திருகாணிகளிலும் ரேடியேற்றரிலும் அரிப்பு இருப்பதால் வாரண்டி செல்லாது. இரண்டு இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது உண்மைதான். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும் வீட்டில் வேறென்ன பூக்கும்? உள்ளே நீர் ஓடாமல் நின்றதற்கும் வெளியே உப்புப் பூத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று தொலைபேசியில் கேட்டேன். "சேர், நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள்" என்றார் அந்தத் தம்பி. நான் ஏதோ குற்றம் செய்து பிடிபட்ட மாதிரி இருந்தது. 260 கிலோமீற்றர் போய்ச் சண்டை பிடிக்க நேரமில்லை. டொலர் 200 ரூபாயாக இருந்தபோது வாங்கிய பொருள். கைவிட்ட நாளில் டொலர் 300-ஐத் தாண்டி நின்றது.

ஆகவே மூன்றில் எது என்றால், முதலில் நாடாவை எடுத்துக் கணினிப் பெட்டியை அளந்து பாருங்கள். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3-இன் ரேடியேற்றர் 38 மில்லிமீற்றர் தடிப்பு. விசிறியின் 25-ஐச் சேர்த்தால் 63. வழக்கமான கூலர்களின் ரேடியேற்றர் 27, விசிறியோடு 52. அந்தப் பதினொரு மில்லிமீற்றரில்தான் என் ராம் அட்டைகள் மாதிரியானவை வந்து இடிக்கும். இடம் இருந்தால் நான் ஆர்க்டிக்கை எடுப்பேன்: தடித்த ரேடியேற்றர், நிறுவனம் சொல்லும் வாரண்டி ஆறு வருடம், மதர்போர்டின் மின் பகுதிக்குக் காற்றடிக்கத் தலையில் ஒரு குட்டி விசிறி. அவர்களுடைய முந்தைய மாடலில் ஒரு வாஷர் அரிப்புப் பிரச்சினை வந்தது. 2022-இல் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்தும் பொருட்களை இலவசமாக அனுப்பினார்கள். துண்டுக் காகிதம் வாங்கியவன் என்ற முறையில் எனக்கு அது பெரிய விடயம். கோர்செயரின் பல மாடல்களில் விளக்கு, வேகம் எல்லாவற்றையும் ஆள அவர்களுடைய ஐக்யூ (iCUE) மென்பொருள் வேண்டும்; பின்னணியில் இன்னொன்று ஓடுவதில் ஆட்சேபமில்லை என்றால் சரி. டீப்கூலை நான் கையாளவில்லை. மூன்றுக்கும் கடைக்காரரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் பற்றுச்சீட்டில் எத்தனை வருடம், கெட்டால் பொருளை நான் அனுப்ப வேண்டுமா நீங்கள் எடுப்பீர்களா, அரிப்பைக் காரணம் காட்டுவீர்களா? பதிலை எழுத்தில் தருபவரிடம் வாங்குங்கள், கூலர் எதுவானாலும்.

எதை வாங்கினாலும் மேல்தட்டில் வையுங்கள். முன்பக்கம் என்றால் ரேடியேற்றரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்கள் கீழே வந்தால் இன்னும் நல்லது. அடித்தட்டு வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை பழைய பெயின்ட் தூரிகையால் ரேடியேற்றரின் மெல்லிய உலோக இதழ்களைத் தட்டிவிடுங்கள். உப்பும் தூசியும் சேர்ந்து கட்டியானால் பிறகு வராது.

இன்னொன்று, கோபிக்கக் கூடாது. உங்கள் 7700 முழு வேலையிலும் 88 வாட்தான். அன்றிரவு அந்த உள்ளங்கை அலுமினியம் தாங்கியதும் அதே 88. உங்கள் பிராசசரோடு பெட்டியிலேயே ஒரு கூலர் வந்திருக்கும், என் நண்பனுடையதைவிடப் பெரியது. கண்ணாடிப் பெட்டியும் விளக்கும்தான் உங்களை இழுக்கின்றன என்று நினைக்கிறேன். இழுக்கட்டும், என்னையும் இழுத்தன. ஆனால் தேவைக்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் ஒன்று பாதி விலைக்கே வரும். அதில் கெட்டுப் போக விசிறியைத் தவிர ஒன்றுமில்லை.

நான் இப்போது பாவிப்பதும் அப்படியொன்றுதான். இந்த ஆடியில் 142 வாட்டில் 84 பாகையைத் தாண்டவில்லை. செத்துப்போன கூலரின் மூன்று விசிறிகளும் நன்றாக ஓடுகின்றன. இரண்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் பூட்டியிருக்கிறேன். மூன்றாவதைப் பழைய ரவுட்டர் அடப்டர் ஒன்றோடு இணைத்து, சாமி அறை ஜன்னலில் கட்டிக் கொடுத்தேன். அம்மா அதை "மீன்தொட்டி விசிறி" என்கிறார்.