வகுப்பறை எதிரொலிக்கு அக்கூஸ்டிக் பேனல் உதவுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்துப் பக்கத்து அறையில் தமிழ் வகுப்பு எடுக்கிறீர்கள்; எதிரொலியில் பிள்ளைகளுக்கு ள, ழ பிரித்துக் கேட்கவில்லை என்கிறீர்கள். அக்கூஸ்டிக் பேனல், அதாவது ஒலியை உறிஞ்சும் பலகை, உதவும். டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் ஒலியை அவ்வளவாக விழுங்காது. ஓர் எழுத்தின் வால் அடங்குமுன் அடுத்தது வந்து மோதும். நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள், 'ட்ர்ர்' என்று இழுத்தால் அதுதான் வியாதி.

வகுப்பறைக்கு எதிரொலிப்பு நேரம் (சத்தம் நின்றபின் அதன் வால் அடங்க ஆகும் நேரம்) 0.6 நொடி நல்ல இலக்கு. அறை 8க்கு 6 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால், ஒலியை முழுதாக விழுங்கும் பரப்பு சுமார் 39 சதுர மீட்டருக்குச் சமமாக வேண்டும். பிள்ளைகளே கொஞ்சம் உறிஞ்சுவார்கள், மிச்சம் பேனல். 50 மி.மீ. தடிமனுள்ள ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) பலகையைத் துணியால் போர்த்தி முதலில் கூரையில், அப்புறம் பின்சுவரில் மாட்டுங்கள். முட்டை அட்டை வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

மண்டபத்து மேளச் சத்தத்தைப் பேனல் தடுக்காது. அதற்குக் கதவு இடுக்கை அடைத்துவிடுங்கள்.