அடித்த பெயரும் எழுதிய பெயரும்

அன்புள்ள ஐயா,

முதுகலை தாவரவியல் படிக்கிறேன். வகுப்பில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அதான்சோன் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சோர்வுதான் வருகிறது. ஆயுள் முழுக்க உழைத்தும், செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸிடம் தோற்றுப்போன ஒருவர்தானே அவர்? இன்று அவரைப் பற்றிப் பேசி என்ன பயன்? இன்னொன்று. நான் சேகரித்த செடிகள் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஆச்சி ஒரு பெயர் சொல்கிறார். நான் பெயர் கண்டுபிடிக்கத் திணறிய ஒரு வேலிக்கொடியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். பாமரர் வைத்த பெயர்கள் என்பதால் ஆய்வேட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை. சரிதானே?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் வாசலில் புங்கம்பூ கொட்டிக்கிடந்தது. அதான்சோனையும் புங்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதனால்தான் உடனே பதில்.

முதலில் திட்டிவிடுகிறேன். பாமரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? நீங்கள் திணறிய கொடியைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னவரையா? அதான்சோன் உங்கள் ஆச்சியின் பக்கம் நின்றவர். அதைக் கவனிக்காமல் அவரைப் பற்றி வகுப்பில் என்ன பேசப் போகிறீர்கள்?

1727இல் பிரான்சின் தெற்கே எக்ஸ் நகரில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில், 1749இல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாக செனகலில் போய் இறங்கினார். அடிமை வணிகம் செய்த கம்பெனி அது. அந்தக் கறை அவர் மேலும் உண்டு. ஆனால் அங்கிருந்த ஐந்தாண்டு காலத்தில் வோலோஃப் மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1763இல் அவருடைய 'தாவரக் குடும்பங்கள்' வந்தது. லின்னேயஸ் மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளைப் பிரித்தபோது, இவர் வேர், இலை, பூ, கனி, விதை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 58 குடும்பங்கள் வகுத்தார். ஒரே ஒரு உறுப்பை நம்பினால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காகவே 65 விதமாகப் பிரித்தும் பார்த்தார். இதெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்லித்தருவார்கள். எனக்கு வேண்டியது பெயர் விஷயம்.

கிரேக்க, லத்தீன் வேர் இல்லாத பேரினப் பெயர்களை (அறிவியல் பெயரின் முதற்பாதியை) தள்ளிவிட வேண்டும் என்று லின்னேயஸ் 1751இல் விதியே எழுதினார். அவர் கண்ணில் அவை காட்டுமிராண்டிப் பெயர்கள். அதான்சோனோ, அந்தந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே வைத்த பெயர் இருக்கும்போது நாம் ஏன் புதிதாக வைக்க வேண்டும் என்று நினைத்தவர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான, மலபார்ச் செடிகளைப் பற்றிய லத்தீன் நூலான 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' அவர் கையில் இருந்தது. இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்கள் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட மலபார்ப் பெயர்கள் அதில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்து அவர் தன் நூலில் 'பொங்கம்' என்றே அச்சிட்டார். பாரிஸில், 1763இல், நம்ம புங்கம்!

நான் இளங்கலை படித்தபோது உலர்செடித் தாளில் 'புங்கம்' என்று எழுதினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்ற மரம் அது. அதன் நிழலில்தான் எனக்கு எழுத்தறிவித்தார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் அதை அடித்து, மேலே 'பொங்கமியா' என்று எழுதி, இரண்டு மதிப்பெண் குறைத்தார். அடித்த பெயரைத்தான் ஒரு லத்தீன் வாலை ஒட்டித் திரும்ப எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது. அந்த இரண்டு மதிப்பெண்ணை யாரிடம் போய்க் கேட்பது?

அதான்சோனும் ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார். செனகலில் அவர் அளந்து வியந்த ஒரு பெருத்த மரத்துக்கு லின்னேயஸ் 'அதான்சோனியா' என்று பெயர் சூட்டினார். வேறொருவராக இருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். இவர் அதை ஏற்காமல் 'பாவோபாப்' என்றே எழுதினார். அதுவோ 1592இல் அல்பீனி என்ற இத்தாலியர் எகிப்தைப் பற்றிய நூலில் அச்சேற்றிய பெயர். வோலோஃப் மக்கள் அந்த மரத்தைச் சொல்வது 'கூய்' என்று. அதைக் கேட்டு எழுதிவைத்தவரும் இவரேதான்! இதில் மட்டும் அவர் மேல் எனக்குக் கோபம். நாம் அதற்குப் பெருக்கமரம், ஆனைப்புளி, பப்பரப்புளி என்று மூன்று பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் பாடப்புத்தகத்தில் ஒன்றாவது இருக்கிறதா?

சரி, தோற்றவரா என்று கேட்டிருந்தீர்கள். 1770களில் 27 பெருந்தொகுதிகளுக்கான திட்டத்தைப் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியின் முன் வைத்தார். அது அச்சேறவே இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் புதிதாக அமைந்த அறிஞர் கழகத்துக்கு அழைத்தபோது, போட்டுக்கொண்டு வரச் செருப்பு இல்லை என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1806இல் இறந்தார். தன் சவப்பெட்டிக்கு வேறு அலங்காரம் வேண்டாம், தான் வகுத்த 58 குடும்பங்களின் பூக்களையும் சேர்த்துக் கட்டிய ஒரு மாலை போதும் என்று உயிலில் எழுதியிருந்தார். இதற்கு வெற்றி தோல்விக் கணக்கு போட எனக்குத் தெரியவில்லை.

ஆய்வேட்டில் உள்ளூர்ப் பெயருக்கு ஒரு பத்தி சேருங்கள். லத்தீன் பெயரும் வேண்டும்தான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. அப்புறம், இவ்வளவும் எழுதிய நீங்கள், ஆச்சி அந்த வேலிக்கொடியை என்ன சொல்லி அழைத்தார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.