நாலு வரி எழுத ஒரு வேலையா?

ஐயா,

உங்கள் மகள் இரண்டு வருடமாக விற்பனைப் பிரிவில், வாடிக்கையாளர்களையும் வியாபாரங்களையும் பதிந்து வைக்கும் சிஆர்எம் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது திடீரென்று "ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் டிஸ்கிரிப்ஷன் எழுதப் பழகப் போகிறேன்" என்கிறார். கோடிங் தெரியாதவருக்கு இது சரிப்படுமா, நாலு வரி எழுதுவதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

அந்த நாலு வரி என்னவென்று முதலில் பார்ப்போம். ஏஜென்ட் என்பது நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு மென்பொருளில் வேலையைச் செய்யும் ஏஐ. சிஆர்எம்மில் செய்யக்கூடிய ஒவ்வொரு காரியத்தையும் ஏஜென்ட்டுக்கு ஒரு 'டூல்' ஆகக் கொடுக்கிறார்கள். டூலுக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், நிரப்ப வேண்டிய விவரங்களின் பட்டியல். எந்த டூலை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்வது பெரும்பாலும் இதைப் படித்துத்தான். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ இதை 'ஃபங்ஷன் காலிங்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்டது. ஒருமுறை எழுதிய டூலைப் பல ஏஜென்ட்டுகள் எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. விளக்கம் கோணலாக இருந்தால் அதுவும் எல்லா இடத்துக்கும் போகும்.

ஒன்றைக் கிட்டே வைத்துப் பாருங்கள். 'அப்டேட் டீல்: டீலைப் புதுப்பிக்கும்.' டீல் என்றால் சிஆர்எம்மில் பதிந்த ஒரு வியாபாரம். எழுதிய புரோகிராமருக்கு இது போதும். ஒரு விற்பனையாளர் ஏஜென்ட்டிடம், "பார்ட்டி ஏறக்குறைய ஓகே சொல்லிட்டார், டீல்ல போட்டு வை" என்கிறார். ஏஜென்ட் அந்த டீலை 'க்ளோஸ்டு வொன்', அதாவது வியாபாரம் முடிந்து கைக்கு வந்தது என்ற நிலைக்கு நகர்த்திவிடுகிறது. கையெழுத்தே ஆகாத வியாபாரம் அந்த மாதக் கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

விற்பனை தெரிந்தவர் எழுதினால் இப்படி வரும்: 'ஏற்கெனவே இருக்கும் ஒரு டீலின் நிலை, தொகை, முடிவுத் தேதியை மாற்றும். அனுப்பாத விவரங்கள் பழையபடியே இருக்கும். புது டீலுக்கு இது வேண்டாம், கிரியேட் டீலைப் பயன்படுத்தவும். டீல் ஐடி கட்டாயம். பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் சர்ச் டீல் மூலம் ஐடியை எடுக்கவும். ஒரே பெயரில் இரண்டு டீல் இருந்தால் பயனரிடம் கேட்கவும். ஒப்பந்தம் கையெழுத்தானது என்று பயனர் தெளிவாகச் சொன்னால் மட்டும் க்ளோஸ்டு வொன். வாய்வார்த்தை என்றால் ஆட் நோட் மூலம் குறிப்பாகச் சேர்த்தால் போதும்.'

இதில் கோடிங் எங்கே இருக்கிறது? 'ஏறக்குறைய ஓகே' என்பதற்கு விற்பனையில் என்ன அர்த்தம் என்ற அனுபவம்தான் இருக்கிறது. அது உங்கள் மகளிடம் இருக்கிறது. லீட் (இன்னும் உறுதியாகாத புது ஆள்) வேறு, கான்டாக்ட் (ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்) வேறு என்பதும் அப்படித்தான். கான்டாக்ட்டில் மட்டும் தேடும் டூலுக்கு 'இது லீடுகளைத் தேடாது' என்று ஒரு வரி எழுதாவிட்டால், ஏஜென்ட் "அப்படி யாரும் இல்லை" என்று நினைத்து அதே ஆளுக்கு இன்னொரு பதிவு போட்டுவிடும். இரட்டைப் பதிவுகளை உட்கார்ந்து ஒன்றுசேர்த்த கைக்கு இந்த வரி தானாக வரும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம் 'ஆப்பர்ச்சுனிட்டி' என்பதைத்தான் ஹப்ஸ்பாட் என்ற இன்னொரு சிஆர்எம் 'டீல்' என்கிறது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கற்க வேண்டியதும் இருக்கிறது. டூலுக்கு நிரப்ப வேண்டிய விவரங்களை வரையறுக்கும் ஜேசன் ஸ்கீமாவைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். அது பெரிய மலை இல்லை. விளக்கம் நீளநீள நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது, டூல் பட்டியல் முழுவதையும் ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் சுமந்துகொண்டுதான் வேலை செய்கிறது. முக்கியமாக, விளக்கம் பூட்டு ஆகாது. 'பதிவை அழிக்காதே' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அழிக்கும் உரிமையையே அந்த ஏஜென்ட்டுக்குக் கொடுக்காமல் மென்பொருளில் தடுக்க வேண்டும். இதைப் புரியாமல் வேலைக்குப் போனால் முதல் மாதமே சிக்கல்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 'டூல் டிஸ்கிரிப்ஷன் எழுதுபவர்' என்ற பெயரில் வேலை தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிஆர்எம் அட்மின், சேல்ஸ் ஆபரேஷன்ஸ், டெக்னிக்கல் ரைட்டர் என்று தேட வேண்டும். இந்தத் திறமை அந்த வேலைகளுக்குள் இருக்கிறது. அதனால் இப்போதைய வேலையை விட வேண்டாம். மாலையில் பழகட்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் டெவலப்பர் எடிஷன், ஹப்ஸ்பாட் சோதனைக் கணக்கு இரண்டும் இலவசம். பொய்த் தரவு போட்டு ஐந்து டூலுக்கு விளக்கம் எழுதட்டும். விற்பனையாளர்கள் பேசுவதைப்போல இருபது வாக்கியம் தயாரித்து, ஏஜென்ட் எதற்கு எந்த டூலை எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். தப்பாக எடுத்த இடத்தில் ஒரு வரியை மாற்றி, இருபதையும் திரும்ப ஓட்ட வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெடுவது சகஜம். எது ஏன் மாறியது என்று எழுதி வைத்த அந்தக் கோப்பை நேர்முகத்தேர்வில் எடுத்துக் காட்டலாம். சான்றிதழை விட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

நீங்களும் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த இருபதில் பாதியை நீங்களே சொல்லலாம். ஒழுங்கான வாக்கியமாக வேண்டாம். நாள் முழுக்க அலைந்துவிட்டு வண்டியில் ஏறும்போது போனில் எப்படிச் சொல்வீர்களோ, அப்படியே.