கழுவி விட்ட பென்குயின் ஏன் இன்னும் குறையுது?

கேள்வி: தென் ஆப்பிரிக்காவுல 2000-ல ஒரு கப்பல் மூழ்கினப்போ ஆயிரக்கணக்கான பென்குயினைக் கழுவிக் காப்பாத்தினாங்களாம். அவ்ளோ பாடுபட்டும் அந்த இனம் அழியற நிலைமையிலதான் இருக்காமே, ஏன்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: காப்பாத்தினது நிஜம்தாங்க. ட்ரெஷர்னு ஒரு சரக்குக் கப்பல், அந்த ஜூன் மாசம் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவுல மூழ்கிச்சு. அதுலேர்ந்து கசிஞ்ச எண்ணெய் சுமார் 19,000 ஆப்பிரிக்கப் பென்குயின் மேல படிஞ்சுது. எண்ணெய் பட்டா இறகு தண்ணியைத் தடுக்காது, குளிர் உள்ள இறங்கிச் செத்துப்போகும், அதனால ஆயிரக்கணக்கான பேர் கொத்து வாங்கிக்கிட்டே ஒவ்வொண்ணா பிடிச்சுக் கழுவினாங்க. எண்ணெய் படாத இன்னொரு 19,500-ஐ லாரில ஏத்தி, கிழக்கால ரொம்ப தூரத்துல இருக்கற போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய் விட்டாங்க, அதுங்க நீந்தி வீடு வந்து சேர்றதுக்குள்ள கடலைச் சுத்தம் பண்ணிடலாம்னு கணக்கு, அது பலிச்சுது. நினைச்சா இப்பவும் எனக்கு சிலிர்க்கும்.

ஆனா பசிக்கு என்ன பண்றது? இதுங்க முக்கியமா நம்பியிருக்கறது மத்தியும் நெத்திலியும். அதே மீனைத்தான் பெரிய போட்டுங்க மீன் கூட்டத்தையே வளைக்கற சுருக்குமடி வலை போட்டு அள்ளுது, சுருக்குமடி பத்தி தூத்துக்குடிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா. போதாததுக்கு கடல் மாறி மீன் கூட்டமும் கிழக்கால நகர்ந்துடுச்சு, குஞ்சு வச்சிருக்கற பறவை எவ்ளோ தூரம்தான் போய்ட்டு வரும்? அதை விட கொடுமை இறகு மாத்தற நேரம். வருஷத்துக்கு ஒருக்கா எல்லா இறகும் ஒண்ணா கொட்டிடும், புதுசு முளைக்க மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் கடல்ல இறங்க முடியாது, முழுப்பட்டினி, முன்னாடியே தின்னு கொழுப்பு சேர்க்காத பறவை கரையிலயே செத்துடும். அந்தக் காலத்துல முட்டையை எடுத்தாங்க, இதுங்க பொந்து தோண்டி முட்டையிடற பறவை எச்சப் படிவத்தையும் உரத்துக்கு சுரண்டிட்டாங்க, அது தனிக்கதை.

இப்போ மிச்சம் 10,000 ஜோடிக்கும் கம்மி. 2024-ல அழிவின் விளிம்புல இருக்கற இனம்னு அறிவிச்சாங்க.

என்னைக் கேட்டா, கழுவினதை விட பெரிய வேலை 2025 மார்ச்ல நடந்தது. பறவைப் பாதுகாப்பு அமைப்புங்க கோர்ட்டுக்குப் போய், மீன்பிடி கம்பெனிகளோட சமரசம் ஆகி, ஆறு இனப்பெருக்க இடங்களைச் சுத்தி இந்த மீன்களை 10 வருஷத்துக்கு வணிகத்துக்குப் பிடிக்கக் கூடாதுன்னு உத்தரவு வாங்கினாங்க. இதைக் கப்பல் மூழ்கினதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும்னு எனக்கு ஆதங்கம். அந்த ஆறுல ராபனும் டாசனும் இருக்கு, அன்னைக்குக் கழுவி விட்ட பறவைங்களோட பேரப்பிள்ளைங்க இரை தேடற கடல்.