கிளிஞ்சல், சோழி, முத்து: வாசகர் கேள்வி – பதில்

கடல் பொருள்களில் கைவேலை நகை செய்வது பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சில்வர் பீச்சில் பொறுக்கிய கிளிஞ்சல்களைக் கழுவிக் காயவைத்துத் தொங்கட்டான் செய்தேன். ஒரே வாரத்தில் நாற்றம். மேலே வெள்ளையாகப் பூத்தும் விட்டது. வினிகரில் ஊறவைத்தால், இருந்த மெருகும் போய்விட்டது.
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நாற்றம், கீல் (இரண்டு ஓடும் இணையும் மூட்டு) இடுக்கிலும் சுருளுக்குள்ளும் காய்ந்து ஒட்டிய சதையால் வருவது. வெள்ளைப் பூப்பு, உள்ளே ஊறியிருந்த உப்பு. மெருகு போனது வினிகரால். கிளிஞ்சல் ஏறக்குறைய முழுதும் கால்சியம் கார்பனேட். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இதைத்தான். புளிப்பு எது பட்டாலும் கரையும். நுரை பொங்கும்போது அழுக்கு போவதாகத் தோன்றும், ஆனால் போவது கிளிஞ்சலின் மேற்பரப்புதான். எலுமிச்சை, புளி, கழிவறை ஆசிட் எல்லாமே அப்படித்தான்.

இனிப் பொறுக்கும்போது, முதலில் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினால் உப்பு இறங்கிவிடும். இடுக்கில் உள்ளதை ஊசியாலும் பழைய பிரஷ்ஷாலும் சுரண்டி எடுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 6% ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் சேர்த்து, அதில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டு அலசுங்கள். பிளீச்சிங் திரவம் வேண்டாம். சுண்ணாம்புப் படலங்களைப் பிடித்துவைத்திருக்கும் புரதத்தை அது அரித்துவிடும், பிறகு ஓரமெல்லாம் பொடியாக உதிரும். பிளீச்சோடு வினிகரைச் சேர்ப்பது உயிருக்கே ஆபத்து, குளோரின் வாயு கிளம்பும். கடைசியாக நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள்.

மங்கிப்போனவற்றை 600, 1000, 2000 எண் உப்புத்தாளால், தாளை நனைத்து, அந்த வரிசையிலேயே தேய்த்து ஓரளவு மீட்கலாம். மேலே ஒரு சொட்டு பேபி ஆயில் தடவுங்கள். நம் கை தேங்காய் எண்ணெய்க்குத்தான் முதலில் போகும். அது சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். சோழியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொதிக்கவைக்காதீர்கள், மெருகில் மயிரிழை விரிசல் விடும்.

கேள்வி: ஆணி வைத்துத் தட்டினாலும் டிரில் போட்டாலும் கிளிஞ்சல் பிளந்துவிடுகிறது. ஓட்டை போட வழி என்ன?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் கரையிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. மட்டிக் கிளிஞ்சல்களைப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் கீலுக்குப் பக்கத்தில் அச்செடுத்ததுபோல் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகியும் சரிவாக இறங்கியிருக்கும். ஒருவகைக் கடல் நத்தை, உள்ளே இருந்த சதையைத் தின்பதற்காகத் துளைத்தது அது. விரிசல் இல்லாமல், இடமும் சரியாக அமைந்த ஓட்டை. அப்படியே கொக்கி மாட்டலாம். நகையில் இந்த ஓட்டை வெளியே தெரியும்படி கோப்பதே அழகு என்போம்.

நீங்களே துளைப்பதானால் 1 மி.மீ. வைரத்தூள் பூசிய பிட் வேண்டும். சுவர் துளைக்கும் டிரில் இதற்கு ஆகாது. பேட்டரியில் ஓடும் சின்ன டிரில் அல்லது கையால் சுற்றும் பின் வைஸ் போதும். தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் கரண்டு வயர் உள்ளதைத் தொடவே தொடாதீர்கள். தட்டில் மரத்துண்டு வைத்து, அதன் மேல் கிளிஞ்சல், அது மூழ்கும் அளவு தண்ணீர். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளிக் குறியுங்கள். மெதுவான வேகம் வையுங்கள், அழுத்தாதீர்கள், பிட் தன் எடையில் இறங்கட்டும். நுனி மறுபுறம் எட்டிப் பார்த்ததும் கிளிஞ்சலைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து முடியுங்கள். பிளவு பெரும்பாலும் பிட் வெளியேறும் நேரத்தில்தான் வருகிறது. தண்ணீர் சூட்டைத் தணிக்கும், தூசியையும் அடக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. அதனால் என்95 முகக்கவசமும் போடுங்கள்.

கேள்வி: சோழி மாலை கோத்துப் போட்டுக்கொண்டால், "மாட்டுக்குக் கட்டுறதைக் கழுத்துல போட்டிருக்கியே" என்கிறார் என் அத்தை. கடல் நகைக்கு என்னதான் மதிப்பு?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: மாட்டுக்குக் கட்டுவது உண்மைதான். வீட்டுச் செல்வத்தின் மேல் கண் படக்கூடாது என்று கட்டினார்கள். அக்கறையோடு செய்த காரியம் அது. மாலத்தீவுச் சோழி வங்காளத்திலும் ஒரிசாவிலும் 19ஆம் நூற்றாண்டு வரை காசாகவே புழங்கியது. உங்கள் அத்தை வீட்டுப் பல்லாங்குழியிலும் சோழி இருந்திருக்கும்.

நவரத்தினத்தில் முத்து, பவளம் இரண்டும் கடல் தந்தவை. தாலிக் கொடியில் பவளம் கோக்கிற வீடுகள் பல உண்டு. சங்கை வாளரத்தால் அறுத்து வளை செய்தது சங்கப் பாடல்களிலேயே வருகிறது. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளம் போய், அங்கே மணமான பெண்களின் கையில் வெள்ளை வளையாகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த அந்த ஆற்றங்கரைத் துறைமுகத்தில் கண்ணாடியிலும் கல்லிலும் மணிகள் செய்தார்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஒரு மணியின் ஓட்டையை உற்றுப் பார்த்தால் கைவேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது புரியும்.

எங்கள் கண்ணில் கடல் நகையின் பெரிய அழகு, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாததுதான். கிளிஞ்சலின் மேலுள்ள வரிகள் அந்த உயிர் வளர்ந்த தடம். காதணிக்கு ஜோடி சேர்க்கும்போது ஒரு நுணுக்கம்: ஒரே இனத்தில் ஒரு இடப்பக்க ஓடும் ஒரு வலப்பக்க ஓடும் எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கீல் மூக்குகள் (கீலருகே கூம்பி நிற்கும் முனைகள்) எதிரெதிராக வளைந்திருக்கும். இரண்டு காதிலும் அவை முகத்தைப் பார்த்தபடி தொங்கும். இரண்டும் ஒரே பக்க ஓடாக இருந்தால் ஜோடி எப்போதும் கோணலாகவே தெரியும்.

கேள்வி: கரையில் கிடைப்பதை எல்லாம் எடுக்கலாமா?
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் பட்டியலில், 2001 முதல், பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி இனங்கள், ஹெல்மெட் சங்கு ஆகியவை உண்டு. செத்து வெளுத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டும் இதில் அடங்கும். அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் செய்த சீப்பு, வளையல் எதையும் வாங்காதீர்கள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஜன்னல் சிப்பியும் அந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். காதணிக்காக விற்பவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உயிரோடு இருப்பதையும், சந்நியாசி நண்டு குடியிருப்பதையும் விட்டுவிடுங்கள். சமைத்துத் தின்ற மட்டியின் ஓடு தாராளமாகக் கிடைக்கிறது, நகைக்கு அதுவே போதும்.

கேள்வி: ரெசின் பதக்கத்துக்குள் மணலும் சின்னக் கிளிஞ்சலும் வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் செய்தவை மட்டும் பிசுபிசுக்கின்றன, பால்போல் மங்கியும் இருக்கின்றன.
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: மழைக்கால ஈரக்காற்று ஒரு காரணம், உள்ளே வைத்த பொருளின் ஈரம் இன்னொன்று. மணலை முதலில் நன்றாக அலசுங்கள். வாணலியில் சிறு தீயில் பதினைந்து நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள். கிளிஞ்சலின் நுண்துளைகளில் காற்று இருப்பதால், முதல் நாளே அதன்மேல் ரெசினை மெல்லியதாகப் பூசி இறுகவிட்டால் மறுநாள் குமிழ் வராது.

பிசுபிசுப்பு மேலே எண்ணெய்ப்படலம்போல் மட்டும் இருந்தால், ஈரக்காற்றில் ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் திரவம்) விட்ட படிவு அது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும். நகம் அழுந்தும் அளவு மென்மையாக இருந்தால் அளவோ கலக்கலோ தப்பு. 2:1 என்று போட்டிருந்தால் 20 மில்லி ரெசினுக்குச் சரியாக 10 மில்லி ஹார்டனர். சொல்லியிருப்பது கொள்ளளவா எடையா என்று புட்டியில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது இறுகவே இறுகாது. கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து, மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை கட்டாயம். அச்சிலிருந்து எடுத்தாலும் முழுதாக இறுகச் சில நாள் ஆகும். அதற்குமுன் தோலில் படும்படி அணியாதீர்கள்.

கேள்வி: கொக்கி கறுக்கிறது, காதும் புண்ணாகிறது.
– வாசகி, புதுப்பாளையம்

பதில்: "ஜெர்மன் சில்வர்" கொக்கியாக இருக்கும். அதில் வெள்ளியே கிடையாது, நிக்கல் உண்டு. பலருக்கு ஒவ்வாமை தருவது அதுதான். 316எல் ஸ்டீல் அல்லது 92.5 வெள்ளியில், 0.8 மி.மீ. கம்பி வாங்குங்கள். கடற்கரை ஊரில் வெள்ளியும் கறுக்கும். ஆனால் துடைத்தால் மீளும். கொக்கியோடு கிளிஞ்சலை இணைக்கும் வளையத்தைத் திறக்கும்போது இரு குறடுகளால் முன்னும் பின்னுமாக முறுக்குங்கள். அகலமாக இழுத்தால் திரும்ப வட்டமாக மூடாது.

கேள்வி: முத்து அசலா போலியா, எப்படி அறிவது? மாலை அடிக்கடி அறுந்தும் போகிறது.
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: இரண்டு முத்தை லேசாக உரசுங்கள். அசலில் பொடி மணல் உரசுவதுபோல் நெருடும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். ஓட்டையின் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், போலியில் பூச்சு உரிந்திருக்கும்.

அறுந்து போகாமல் இருக்க, பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போடுங்கள். ஊசியை முடிச்சுக்குள் விட்டு முத்தை ஒட்டித் தள்ளிக்கொண்டே இறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் முத்துக்கள் ஒன்றோடொன்று உரசித் தேயாது, அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். சென்ட், பவுடர் எல்லாம் போட்டு முடித்த பிறகே முத்து அணியுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, மாலையைத் தொங்கவிடாமல் துணியில் படுக்கவைத்துக் காயவையுங்கள். நனைந்த பட்டு நூல் தொங்கினால் நீண்டு, முடிச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழும்.